அந்தக் கடைசி ஆட்டத்தில் என் கையில் இருந்த சீட்டு

போன ஆடி மாதம், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டுச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். என் வேலையும் அப்படி, பழக்கமும் அப்படி.

1. நேர்ந்து விட்ட கிடா, தண்ணீர் தெளித்தும் உடம்பை உதறவில்லை.
2. அது உதறாததால் வெட்டவில்லை. வெட்டாததால் யாரும் சாப்பிடவில்லை.
3. சீக்கிரம் வெட்டிவிடுவார்கள் என்று நம்பி, அக்காவின் கணவர் சர்க்கரை ஊசியை முன்பே போட்டுக்கொண்டுவிட்டார்.
4. காத்திருந்த நேரத்தில் அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் மூணு சீட்டு ஆடினோம்.
5. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி ஏற்றி ஆடினார். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.
6. ஆட்டத்தின் நடுவில் அவருக்குச் சர்க்கரை இறங்கிப் பாயிலேயே சாய்ந்தார். நான் ஓடிப்போய்க் கலர் சோடா பாட்டில் கொண்டுவந்து குடிக்க வைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

இந்த ஆறும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதனால் மாமாவுக்கு நான் இன்னும் ரிப்பன் கட்டிய சின்னப் பெண்தான். பெங்களூரில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன் என்றால், "அடுத்தவன் செஞ்சதுல நொட்ட சொல்றதுக்குச் சம்பளமா?" என்று சிரிப்பார். கேலி பேசாமல் அவருக்கு ஒரு பேச்சு கிடையாது. எனக்கும் அவரிடம் வாய் நீளம்.

மாமாவுக்குப் புளி வியாபாரம். மரம் பூ விட்டிருக்கும்போதே போய் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். அந்த வருஷம் காய்க்கப்போகிற மொத்தப் புளிக்கும் அங்கேயே விலை பேசி முடித்துவிடுவார். மழை அடித்துப் பூ கொட்டுமா என்றெல்லாம் யோசிக்க மாட்டார். சில வருஷம் அமோகமாக வரும். சில வருஷம் அக்கா யாரிடமும் பேசாமல் இருப்பாள். சீட்டாட்டத்திலும் அதே ஆள்தான்.

மூணு சீட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. அதைப் பார்த்துவிட்டும் ஆடலாம், கவிழ்த்து வைத்தபடி பார்க்காமலும் ஆடலாம். பார்க்காதவர் ஒரு பங்கு கட்டினால் பார்த்தவர் இரண்டு பங்கு கட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால், ஒருவர் 'ஷோ' கேட்டதும் இருவரும் சீட்டைத் திருப்புவார்கள்.

மாமா சீட்டைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்த சீட்டின் மேல் இடது உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் அள்ளி நடுவில் கொட்டுவார். எதிரில் இருப்பவர் நல்ல சீட்டே வைத்திருந்தாலும் அந்த வேகத்தைப் பார்த்துப் பயந்து போட்டுவிடுவார். அப்படிப் பயந்தவர்களால்தான் அவர் இத்தனை வருஷம் ஜெயித்திருக்கிறார் என்பது என் கணிப்பு.

அன்றைக்குக் கிடா, மாமாவின் அண்ணன் நேர்ந்துகொண்டது. அவர் நிலத்தில் போட்ட போர்வெல் எல்லாம் தண்ணீர் இல்லாமல் வெறும் புகையாகப் போய், கடைசியாகப் போட்டதில் தண்ணீர் வந்திருந்தது. கறுப்புக் கிடா, நல்ல உயரம். மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அதன் பிறகுதான் வெட்டுவார்கள். வெட்டியதும் படையல் வைத்த பொங்கலைச் சாப்பிடலாம். கறிச்சோறு அதற்கப்புறம் மெதுவாக ஆகும். அந்த வீட்டுப் பங்காளிகள் அதுவரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்க மாட்டார்கள்.

பொங்கல் பொங்கியது. வேன் கதவுக்குப் பின்னால் நின்று மாமா சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நேரந்தான், வெட்டிருவாங்க" என்றார் என்னைப் பார்த்து. நான் பார்த்தேன் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிடாவுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். அது கழுத்தில் போட்ட மாலையைத் தின்றுகொண்டு நின்றது. மறுபடி தெளித்தார்கள். காதை மட்டும் ஆட்டியது.

"காதாட்டுனா கணக்கில்லிங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"காது மட்டும் வெட்டுனா உனக்குப் போதுமா? உடம்பு உதறணும்பா."

நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா பொங்கல் பானையை விட்டு நகர முடியாமல், என்னைக் கூப்பிட்டுத் தன் கைப்பையைக் கொடுத்தாள். "அவரக் கொஞ்சம் பாத்துக்கடி. காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல. பையில பிஸ்கட் இருக்கு, நேரமாச்சுன்னா ரெண்டு குடு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னா கேப்பாரு."

நான் பையை வாங்கிக்கொண்டேன். வேப்பமரத்து நிழலில் பாய் விரித்திருந்தது. மாமா, மாமாவின் தங்கை, வேனை ஓட்டிக்கொண்டு வந்த மாமாவின் சித்தப்பா மகன் மூவரும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் நாலாவது. அக்காவின் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டேன்.

சாமி இருக்கிற இடத்தில் காசு வைத்து ஆடக்கூடாது என்று மாமாவின் அப்பா சொல்லிவிட்டார். வேனில் புளியங்கொட்டை மூட்டை ஒன்று கிடந்தது. ஆளுக்கு ஒரு சொம்பு அளந்துகொண்டோம். பந்தயம் வேறு: யாருக்கு முதலில் கொட்டை தீர்கிறதோ அவர் பந்தி முடிந்ததும் எல்லோருடைய எச்சில் இலையையும் எடுக்க வேண்டும்.

"இன்ஜினியரம்மா இலை எடுக்கறத வீடியோ புடிச்சு உங்க ஆபீசுக்கு அனுப்பறேன் இரு" என்றார் மாமா.

"நீங்க குனிய முடியுமான்னு மொதல்ல பாத்துக்குங்க மாமா. தொப்பை தட்டும்."

"எங்கண்ணன் பொறந்ததுல இருந்து அவுரு தின்ன இலையவே எடுத்ததில்லிங்க" என்றார் மாமாவின் தங்கை. "இன்னிக்கு எடுத்தா நான் சாமிக்கு இன்னொரு கெடா நேர்ந்துக்கறேன்."

"அதுவும் உதறாம நின்னா?" என்றார் வேன்காரர்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் சீட்டாடுவேன் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் சில பேர் போக்கர் ஆடுவோம். மிட்டாய்தான் பந்தயம். அதில் ஒருவர் மாமா மாதிரியே: எது வந்தாலும் ஏற்றுவார். அவரோடு ஆடி ஆடியும், இணையத்தில் படித்தும் நான் ஒரு முறை வைத்திருந்தேன். பயப்படக் கூடாது. சுமாரான சீட்டையெல்லாம் வருத்தப்படாமல் போட்டுவிட வேண்டும். நல்ல சீட்டு வரும்போது நாமாக ஏற்றாமல், தயங்குகிற மாதிரி தயங்கி, அவர் ஏற்ற ஏற்றக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அவர் வேகத்தாலேயே அவர் தோற்பார். எல்லாவற்றையும் விட, கையில் இருக்கிற சீட்டைக் கவனிப்பதைப் போல எதிரில் இருக்கிற ஆளையும் கவனிக்க வேண்டும். முகம், கை, குரல், மூச்சு.

கவனித்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

முதலில் மாமாதான் அள்ளினார். நான் சீட்டைப் பார்ப்பதும் போடுவதுமாக இருந்தேன். "என்ன புள்ள, ஆடறியா, ஆட்டத்த வேடிக்க பாக்கறியா?" என்று கேட்டார். பிறகு எனக்கு ஒரு வரிசை வந்தது; அவர் கொட்டக் கொட்ட நான் பயந்த முகத்தோடு கட்டி, ஷோ கேட்டு வாரிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஜாதியில் மூன்று சீட்டு. அதிலும் அப்படியே. அவர் சொம்பில் கொட்டை குறைய ஆரம்பித்தது. குறையக் குறைய இன்னும் பெரிதாக ஏற்றினார். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

நடுவில் ஒருமுறை அக்கா சொன்னது ஞாபகம் வந்து, பையில் இருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன்.

"கெடா வெட்டாம நான் வாயில வெப்பனா? எடுத்து உள்ள வை" என்றார்.

"அக்கா குடுக்கச் சொன்னாங்க மாமா."

"உங்கக்கா சொல்லுவா. உங்கக்கா என்ன, சாமியா? சீட்டப் போடச் சொல்லு."

உள்ளே வைத்துவிட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மனசும் நிம்மதியாகிவிட்டது. இதுவரைக்கும் நான் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் அவர் மாறினார். கழுத்தைத் துண்டால் துடைத்தார். நிழலில்தான் இருந்தோம், காற்றும் இருந்தது. மறுபடி துடைத்தார். சீட்டைச் சரியாகக் கலைக்கவில்லை என்று வேன்காரரிடம் எரிந்து விழுந்தார். "நான் என்ன, இன்னிக்கு நேத்தா கலைக்கறேன்?" என்று அவர் முனக, "வாய மூடிட்டுப் போடுறா" என்று கத்தினார். மாமா கேலி செய்வார், கத்த மாட்டார்.

"ஏண்ணா, புளியங்கொட்டைக்கா இந்தக் கோவம்?" என்றார் தங்கை.

"நீ உன் சீட்டப் பாரு."

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆபீசில் ஆடும்போது எதிராளி நிதானம் இழக்கிற அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்போம். வேர்க்கிறதா, நல்லது. கோபமா, இன்னும் நல்லது. அவர் கொட்டாவி விட்டார். ஆட்டத்தில் மனசு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பேச்சு இழுத்தது, தோற்கிற வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஆட்டத்தில் ஒரு அர்த்தம் இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு மாத்திரையை நிறுத்தி ஊசி எழுதிக்கொடுத்தபோது, கூடவே கொடுத்த இங்கிலீஷ் தாளை அக்கா படம் எடுத்து எனக்குத்தான் அனுப்பினாள். போனில் அவளுக்குத் தமிழில் விளக்கியவள் நான். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், நாக்கு குழறும், பேச்சு சம்பந்தமில்லாமல் போகும், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு, அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். ஒன்றை விட்டுவிட்டாள் என்று கடிந்தும் கொண்டேன்.

இனி, அந்தக் கடைசி ஆட்டம்.

வேன்காரர் சீட்டைப் போட்டார். தங்கை தன் சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேணாஞ்சாமி" என்று கவிழ்த்தார். வேன்காரரும் ஒரு சுற்றில் விலகினார். மாமா வழக்கம்போலச் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொம்பில் இருந்து அள்ளிக் கொட்டினார். நான் என் சீட்டை மெதுவாக விரித்தேன். ஒரு ராஜா. இன்னொரு ராஜா. மூன்றாவதும் ராஜா.

மூணு சீட்டில் மூன்று ராஜாவை வெல்வதற்கு மூன்று ஆஸ் வேண்டும். என் கையில் அதுவரை அப்படி வந்ததில்லை. முகத்தை மாற்றாமல் நெற்றியைச் சுருக்கி, யோசிக்கிற மாதிரி யோசித்து, இரண்டு பங்கு கட்டினேன். மாமா சொம்பின் அடியில் இருந்ததை அள்ளினார். நடுவில் கொண்டுவருவதற்குள் பாதி பாயில் சிந்தியது. கை நடுங்கியது. இலேசாக இல்லை, நன்றாகவே.

பெரிய சீட்டு வந்தவனுக்குக் கை நடுங்கும் என்று நான் படித்திருந்தேன். அதனால் முதலில் பயந்தேன். அடுத்த கணமே என் மூளை வழக்கம்போல வேலை செய்தது: அவர் சீட்டையே பார்க்கவில்லை. அவருக்கு என்ன சீட்டு என்று அவருக்கே தெரியாது. பிறகு எதற்குக் கை நடுங்குகிறது?

கேள்வி வந்தபோதே பதிலும் வந்துவிட்டது. வேன் கதவுக்குப் பின்னால் அவர் போட்டுக்கொண்ட ஊசி. துண்டு. கொட்டாவி. அந்தக் கோபம். நான் அக்காவுக்குப் போனில் சொன்ன அத்தனையும் வரிசையாக எதிரில் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமாகக்கூட இல்லை, தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு நான் செய்தது, இன்னும் இரண்டு பங்கு எடுத்துக் கட்டியதுதான்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'இந்த ஒரு சுற்று மட்டும், ஷோ கேட்டுவிட்டுப் பையை எடுக்கலாம்' என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் ஷோவும் கேட்கவில்லை. அவர் சொம்பில் இன்னும் கொஞ்சம் கொட்டை இருந்தது. அதையும் அவர் போடட்டும் என்று காத்திருந்தேன். அவர் போட்டார். நான் மறுபடி கட்டினேன். பிஸ்கட் இருந்த பை என் முதுகில் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த முறை மாமா சொம்புக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த தன் சீட்டு மூன்றையும் எடுத்துக் கொட்டைக் குவியலின் மேல் வைத்தார். ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

வேன்காரர் சிரித்துவிட்டார். "இலை எடுக்கறதுல இருந்து தப்பிக்கறதுக்கு எப்பிடி நடிக்கறாரு பாருங்க."

மாமா அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். வேனுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்காகக் கலர் பெட்டி வைத்திருந்தார்கள். ஓடிப்போய் ஒரு பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தேன். "மாமாவுக்குச் சக்கர எறங்கிருச்சு, தூக்கி உக்கார வைங்க" என்று கத்தினேன். வாயில் இருந்த கொட்டையை விரலை விட்டு எடுத்தேன். தங்கை அவர் தலையை நெஞ்சோடு தாங்கிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி சட்டையில் வழிந்தது. "முழுங்குங்க மாமா, முழுங்குங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததாக அப்புறம் சொன்னார்கள். விழுங்கினார்.

கோயில் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் ஓடிவந்துவிட்டார்கள். கிடாவைப் பிடித்திருந்தவர் மட்டும் கயிற்றை விட முடியாமல் அங்கேயே நின்றார். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் கிடா நன்றாக உதறிவிட்டதாம்.

அக்கா வந்து மண்ணில் மண்டியிட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்கட் குடுத்தியா?"

"குடுத்தேன்க்கா, கெடா வெட்டாம வேணாம்னுட்டாரு."

அது உண்மைதான். அந்த நேரத்தில் எவ்வளவு சரியாக எனக்கு உதவியது அந்த உண்மை.

மாமாவின் கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்ததும் அவரை வேனில் ஏற்றி, அக்காவும் மாமாவின் அண்ணனும் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேன்காரர்தான் ஓட்டினார். போவதற்கு முன் அக்கா என் கன்னத்தைப் பிடித்து, "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா..." என்றாள். முடிக்காமல் ஏறிப் போய்விட்டாள்.

கோயிலில் கிடாவைப் பற்றிச் சண்டை நடந்தது. "நான் பாத்தனுங்க, வால்ல இருந்து தல வரைக்கும் உதறிச்சு" என்றார் கயிறு பிடித்தவர். "நீ ஒருத்தன் பாத்தா ஆச்சா? நாலு பேரு பாக்க வேணாமா?" என்றார் இன்னொருவர். கடைசியில் மாமாவின் அப்பா மறுபடி தண்ணீர் தெளிக்கச் சொன்னார். சொம்பைச் சாய்த்த உடனே கிடா உதறியது.

நான் வேப்பமரத்தடியில் தனியாக இருந்தேன். பாயில் எல்லாம் அப்படியே கிடந்தது. மாமா வைத்த மூன்று சீட்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று சேராத சின்னச் சீட்டுகள். என் மூன்றும் நான் எழுந்த இடத்தில் கவிழ்ந்து கிடந்தன. எடுத்தேன். சீட்டுக்கட்டுக்குள் வைத்தேன். பிறகு கட்டைக் கலைத்தேன். ஒரு தடவை போதும். நான் கலைத்துக்கொண்டே இருந்தேன். மாமாவின் தங்கை அழுத கண்ணோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சை மாற்றுவதற்காக, "உங்க கையில என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒரு ஜோடிதாங்க" என்றேன்.

மத்தியானம் தாண்டி அக்காவிடம் இருந்து போன் வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, இட்லி சாப்பிட்டார், சாயங்காலம் வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேரத்துக்கு இனிப்பு கொடுத்ததால் தப்பித்தார், இல்லை என்றால் வலிப்பு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "பந்தியப் போடுங்க, எங்களுக்காகக் காத்திருக்க வேணாம்னு அவரே சொல்றாரு" என்றாள். அவள் பின்னால் மாமாவின் குரல் கேட்டது: "யாரு தோத்தான்னு கேளு."

மாமாவின் அப்பா பந்திக்கு முன்னால் வந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "மொத இலை அந்தப் புள்ளைக்குப் போடுங்க. எம் மவனப் பொழைக்க வெச்ச புள்ள." என் இலையில் ஈரலும் நெஞ்செலும்பும் வைத்தார்கள். எத்தனை பேர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்தேன்.

பந்தி முடிந்ததும் நான் இலை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. குனிந்து, ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக் கூடையில் போட்டேன். "அய்யோ, நீங்க எதுக்குங்க?" என்று தடுத்தார்கள். நான் நிறுத்தவில்லை. அதற்கும் என்னைப் புகழ்ந்தார்கள். படித்த பெண், பெங்களூரில் வேலை, எச்சில் இலை எடுக்கக் கூச்சப்படவில்லை பார் என்று ஒரு அம்மா தன் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தக் கூடையோடு அப்படியே எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

நான் கட்டிய அந்த இரண்டு சுற்றும் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நிமிஷம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று எந்த டாக்டரும் சொல்வார். எனக்குள் அறுப்பது அந்த நிமிஷக் கணக்கு இல்லை. எனக்குத் தெரியாமல் போயிருந்தால் அது தவறு. தவறை நான் ஒத்துக்கொள்வேன், தவறு கண்டுபிடிப்பதுதான் என் தொழிலே. எனக்குத் தெரிந்திருந்தது. என் அக்காவின் புருஷன், என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், எதிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் எனக்கு மாமாவாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கொட்டை மிச்சமிருந்த ஒரு சொம்பாகத் தெரிந்தார். அதுவும் காசுகூட இல்லை, புளியங்கொட்டை. கீழே கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டோம்.

நான் எப்போதும் அவரைத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர் என்று நினைத்திருந்தேன். நிதானம் என் பக்கம் இருப்பதாகப் பெருமை வேறு. அன்றைக்கு அந்தப் பாயில் நிதானமாக இருந்தவள் நான்தான். அந்த நிதானத்தோடுதான் அதைச் செய்தேன்.

இப்போது மாமா நன்றாக இருக்கிறார். டாக்டர் ஊசியின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கிறார். அதில் பாதியைப் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். விசேஷத்துக்குச் சாமி முன்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும், ஊசி போட்டால் சாப்பிட்டுவிடுகிறார். மாமாவின் அப்பாவே அப்படிச் சொல்லிவிட்டார். அக்கா ஊரெல்லாம் என் பெருமையைப் பேசுகிறாள். நான் ஆபீசில் மத்தியான ஆட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்கு அந்தக் கடைசி ஆட்டம் ஞாபகமே இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தல். சீட்டாட்டக்காரருக்கு ஒரு ஆட்டம் முடிவு தெரியாமல் போவது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குப் புரிகிறது. எப்போது போன் பேசினாலும், தீபாவளிக்கு நேரில் போனபோதும் அதையே கேட்டார். "உண்மையச் சொல்லு புள்ள. அன்னிக்கு உங்கிட்ட என்ன சீட்டு? நான் இலை எடுத்திருக்கணுமா, வேணாமா?"

"ஜோடிங்க மாமா. நீங்க இன்னொரு சுத்து ஏத்தியிருந்தா நான் சீட்டப் போட்டுட்டு விலகியிருப்பேன்" என்கிறேன். அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. "பாத்தியா, நான்தான் ஜெயிச்சிருக்கணும்" என்று அக்காவிடம் சொல்கிறார்.

மூன்று ராஜா என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு வேறு எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஆட்டம் தெரிந்தவர். அந்தச் சீட்டை வைத்திருந்தவள் எதற்காக அவர் கையைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை என்பதை அவரே புரிந்துகொள்வார்.

பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். ஆனால் இதை அக்கா படித்தால் உதறாத கிடாவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அது தெரிந்துதான் எழுதுகிறேன். மாமாவிடம் நேரில் இன்னும் சொல்லவில்லை. அவர் அடுத்த முறை கேட்கும்போதும் அந்த மூன்று ராஜாவும் கவிழ்த்த சீட்டாக என் கையில்தான் இருக்கும்; திருப்பிக் காட்டுகிற தைரியம் வருகிறவரை, அந்த வீட்டில் எனக்குப் போடுகிற முதல் இலை எனக்குச் சேர வேண்டியதில்லை.